கற்பூரத் தட்டில் ஒரு சொட்டு பிஸ்முத்

கூரைக்கு வெளியே புரட்டாசி வெயில். கூரைக்கு உள்ளே மழை.

அப்படியொரு மழையை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கறுப்பு மழை. துருவும் சேறும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றத்தோடு, குடை விரித்த மாதிரி வட்டமாக, ஒரே இடத்திலிருந்து கொட்டியது. நனைந்தவர்கள் எல்லாரும் புது வேட்டி கட்டியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம், கையில் பொரி. அன்று ஆயுத பூசை.

மழையின் நடுவே, ஏணியின் உச்சியில், என் அக்கா புருஷன் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். தலை முதல் கால் வரை கறுப்பு. இரண்டு கைகளிலும் ஏந்திய கற்பூரத் தட்டு. கற்பூரம் எப்போதோ அணைந்துவிட்டது. தட்டை மட்டும் அவர் இறக்கவில்லை. கண்களை இறுக மூடியிருந்தார். கீழே யாரோ, “மாரியாத்தா வந்துட்டாடா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். சென்ற வாரம் கடற்கரையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘உமக்குத் தேதியே கிடையாதா?’ என்று அஞ்சலட்டை போட்டிருந்தார். கிடையாது, ஐயா. எனக்கு ஆண்டுகள் தங்குவதில்லை, வாசனைகள் தங்குகின்றன. அந்த நாளின் தேதி வேண்டுமானால் இதோ: ஈரப் பஞ்சு, அணைந்த கற்பூரம், மிதிபட்ட சாமந்தி.

பித்தளைப் பூ

நான் அப்போது புதுவையில் ஒரு நூல் மில்லின் ஸ்டோரில் இருந்தேன். கேட்பவர்களுக்கு ஆணி, பெல்ட், எண்ணெய், நூல்கட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை. கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சன்னல் வழியே வானத்தைப் பார்ப்பேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத பிறவி. என்னை அந்த மில்லில் சேர்த்துவிட்டதே மாமாதான். அதுவும் ஒரு வேடிக்கை. சேர்த்துவிட்ட அவர் பதிலி. சேர்ந்த நான் நிரந்தரம்.

பதிலி என்றால் வராத ஆளுக்குப் பதில் நிற்பவர். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டில் போய் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் வந்த வழியே வீடு. பாகூர்ப் பக்கம் ஊரான் நிலத்தில் ஏர் ஓட்டியதை விட்டுவிட்டு, அக்காவையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு புதுவையின் உப்பளம் பகுதியில் வந்து குடியேறியவர் மாமா. பல வருடம் கேட்டில் நின்று நின்று, அந்தத் தீபாவளி கழிந்ததும் நிரந்தரமாகப் போகிறார் என்று மேஸ்திரி வாயால் சொல்லியிருந்தார். அக்கா வயிற்றில் இரண்டாவது பிள்ளை. அந்தப் பிள்ளையையும் அந்த வேலையையும் அவள் ஒரே மூச்சில்தான் பேசுவாள். “ரெண்டும் நல்லபடியா வந்து சேரணும், தம்பி.”

இனி அந்தப் பூ.

எங்கள் ஸ்பின்னிங் பகுதியின் கூரையில் நெடுக இரும்புக் குழாய்கள் ஓடும். அவற்றில் இடம் விட்டு இடம் விட்டு, தலைகீழாகப் பூத்த மாதிரி, விரல் நீளப் பித்தளைச் சாமான் ஒன்று தொங்கும். கீழ்முனையில் இதழ் இதழாக வெட்டிய ஒரு தகடு. ஆகையால் தொழிலாளர் வாயில் அது ‘பூ’. வெள்ளைக்காரன் காலத்தில், உலகச் சண்டைக்கு முன்பே மாட்டியது. எதற்கென்று பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், ‘நெருப்பு வந்தா தண்ணி ஊத்தும்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நெருப்பு வந்ததும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவனிடம், மில்லுக்குக் கவர்னர் வந்தால் அதிலிருந்து பன்னீர் தெளிப்பார்கள் என்று ஒரு புளுகு வழக்கமாக உண்டு.

ஆயுத பூசை என்றால் மில் குளித்து எழுந்த மாதிரி இருக்கும். மிஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஸ்பேனருக்குப் பொட்டு, எண்ணெய்க் குப்பிக்குப் பொட்டு, துடைப்பத்துக்கும் பொட்டு. மற்ற நாளில் பீடி நெருப்பு கண்டாலே சீட்டுக் கிழிக்கிற இடத்தில், அன்று ஒருநாள் மட்டும் கற்பூரத்துக்கு உத்தரவு உண்டு. மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

எல்லாம் முடிந்து பொரி கொடுக்கும் நேரத்தில் மாமா மேலே பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. வருடம் முழுக்க நமக்காகத் தலைகீழாகத் தொங்குகிறதே, அதற்கு மட்டும் இல்லை.

மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. ஏணியைச் சார்த்தினார், ஏறினார், பூவுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். இறங்கி வந்து, அக்கா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பித்தளைத் தட்டில் கற்பூரத்தைக் குவித்து ஏற்றி, மறுபடியும் ஏறினார். மூன்று சுற்று சுற்றினார். அப்புறம் தட்டைப் பூவுக்கு நேர் கீழே பிடித்தபடி கண்ணை மூடினார்.

அப்போதுதான் மழை.

மணி அடித்த பலன்

தண்ணீர் கொட்டியதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அந்தக் குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கினால், வெளிச் சுவரில் ஒரு பெரிய வெண்கல மணி தானாக அடிக்கும்படி செய்து வைத்திருந்தார்கள். மணி கேட்டதும் வாட்ச்மேன் ஓடிவந்து பார்த்து வால்வை அடைக்க வேண்டும். அதற்கென்றே அவரை அங்கே உட்கார்த்தியிருந்தார்கள்.

மணி அடித்தது. கணீர் கணீரென்று, விடாமல், நல்ல சுதியில் அடித்தது.

வாட்ச்மேன் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே தீபாராதனை நடக்கிறது என்று, மில்லைப் பார்த்து நின்று கும்பிட்டார். மணி நிற்கவில்லை. இந்த வருடம் பூசை பலமாகத்தான் இருக்கிறது என்று மறுபடியும் கும்பிட்டார்.

அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் கறுப்புத் தண்ணீர் தெளிந்து வெள்ளைத் தண்ணீராகி, அதுவும் முழங்கால் பிடிக்கப் பார்த்தது. அடுக்கி வைத்திருந்த நூல் பெட்டிகள் மிதந்தன. நனைந்த ஒரு கோழியைப் போலக் கோட்டும் தலைப்பாகையுமாக நின்றார் ஸ்பின்னிங் மாஸ்டர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கண்டிப்பான மனிதர். ஏணிக்கடியில் தண்ணீருக்குள் கையை விட்டு, பூவிலிருந்து தெறித்து விழுந்த இரண்டு பித்தளைத் துண்டுகளை எடுத்தார். அவற்றைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக அவர் நினைத்தார்.

யாரோ கம்பியால் தட்டி உடைத்திருக்கிறான். வேண்டுமென்றே.

மாமா தொடவில்லை என்றார். பார்த்தவர்களும் அடித்துச் சொன்னார்கள், அவர் கையோ ஏணியோ பூவில் படவில்லை என்று. உண்மையும் அதுதான். கற்பூரத்தை யாரும் நினைக்கவே இல்லை. பித்தளையும் ஈயமும் உருக வேண்டுமானால் உலை வேண்டும், துருத்தி வேண்டும். வில்லைக் கற்பூரத்துக்கு இரும்பு இளகுமா?

மாஸ்டர் அசையவில்லை. சரசுவதி பூசை விடுமுறை முடிந்து மில் திறப்பதற்குள் உடைத்தவன் தானாக வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஷிப்டில் இருந்த பதிலிகள் ஒருவருக்கும் இனிமேல் கேட்டில் பெயர் கூப்பிட மாட்டார்கள். மாமா மட்டுமில்லை, அத்தனை பேரும்.

வெள்ளையாகப் போய்க் கறுப்பாக வந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் என் அப்பாவின் வயிற்றுக்குள் போய் வர வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஃபார்மசிக்குப் போனால், காகிதப் பொட்டலங்களாக மடித்து ஒரு வெள்ளை மாவு கொடுப்பார்கள். உள்ளங்கையில் வைத்தால் அதன் அளவுக்கு மீறிய கனம். ருசியும் கிடையாது, மணமும் கிடையாது. ‘பிஸ்முத்’ என்பார் ஃபார்மசிக்காரர், உதட்டைக் குவித்து. அப்பா அதைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். எரிச்சல் அடங்கியது. மறுநாள் காலை கொல்லைக்குப் போனவர் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். “வெள்ளையா உள்ள போவுது, கரியா வெளிய வருது. எங்கிட்ட மறைக்காதீங்க, எனக்கு இன்னா வியாதி?” அந்த மருந்தின் குணமே அதுதான் என்று புரியவைக்க ஃபார்மசிக்காரர் வீட்டுக்கே வந்து போனார்.

அதே பிஸ்முத்தை அடுத்து நான் பார்த்தது, எங்கள் மில் எஞ்சினியர் முசே அர்மானின் மேசையில். அவர் புதுவையிலேயே பிறந்த வெள்ளைக்காரர்; ‘முசே’ என்றால் பிரெஞ்சில் ‘ஐயா’. வீட்டில் பிரெஞ்சு, வெளியில் எங்களைப் போலவே தமிழ். அவர் மேசையில் தாள் பறக்காமலிருக்க ஒரு கல் இருக்கும். அதைக் கல் என்று சொல்ல நா கூசும். படிக்கட்டுக்குள் படிக்கட்டு, அதற்குள் இன்னொரு படிக்கட்டு. ஓரங்கள் கத்தி வெட்டு. நீலம், ரோஜா, பொன், மயில்கழுத்துப் பச்சை. எறும்புகளின் ராஜாவுக்குக் கட்டிய அரண்மனை போல இருக்கும்.

அதை அவரே செய்ததாகச் சொன்னார். பிஸ்முத்தை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் உருக்கி, ஆறவிட்டு, மேலே ஆடை படியத் தொடங்கும்போது நடுவில் உள்ள குழம்பைச் சாய்த்துவிட்டாராம். மிஞ்சியது அந்தப் படிக்கட்டுகள். அப்படியானால் அந்த நிறம்? அது வெறும் துரு என்றார். மெல்லிய தோலாகப் படிந்த துரு.

அந்தச் சொல்லிலேயே நான் பல நாள் குடியிருந்தேன். இரும்புக்குத் துரு பிடித்தால் அழுகிறது. இதற்குத் துரு பிடித்தால் வானவில் வருகிறது.

அதன் குணங்கள் ஒவ்வொன்றும் அப்படித்தான். பார்க்க வெள்ளி, ஓரத்தில் மட்டும் வெட்கப்பட்ட மாதிரி ஒரு சிவப்பு. ஈயம் போலக் கனம். ஆனால் சுத்தியலால் தட்டினால் கற்கண்டு போல உடையும். நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால், கூடவும் வராது, சும்மாவும் இருக்காது. மெல்ல விலகிக்கொள்ளும். பெண் பார்க்க வந்த வீட்டில் பிடிக்காத மாப்பிள்ளைக்கு முன்னால் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி.

இன்னொன்று. உலோகமென்றால் உருகி ஆறும்போது சுருங்கும். இது ஆறும்போது விரியும். பெரிய மார்க்கெட் மீன்கடைக்கு வரும் ஐஸ் பெட்டியில் யாரோ தண்ணீர்ப் பாட்டிலைப் புதைத்து வைத்து அது வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரின் அந்தத் திமிர் உலோகங்களில் இதற்கும் உண்டு. ஆகையால்தான் சில எழுத்து வார்ப்புக்காரர்கள் ஈயத்தோடு இதையும் சிறிது சேர்ப்பார்களாம். ஆறும்போது விரிந்து அச்சின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து, எழுத்தின் சுழி மழுங்காமல் வரும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த ‘ழ’வின் வளைவிலும் ஒரு சிட்டிகை இருக்கக்கூடும். யார் கண்டது.

எல்லாவற்றையும் விட விசேஷம் அதன் சேர்மானம். பிஸ்முத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் என்று நான்கு உலோகங்கள். தனித்தனியே எடுத்தால் கொதிக்கிற தண்ணீருக்கு ஒன்றும் மசியாது. நான்கையும் அளவாகக் கலந்துவிட்டால், கொதி வராத வெந்நீரிலேயே உருகி ஓடும். முறைத்துக்கொண்டு திரிந்த பங்காளிகள் ஒரு பந்தியில் உட்கார்ந்ததும் இளகிவிடுவதைக் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். மெல்லிய செம்புக் குழாயை நசுங்காமல் வளைப்பதற்கும் இந்தக் கலவைதான் என்றார் முசே. உருக்கிக் குழாய்க்குள் ஊற்றி, ஆறியதும் வளைத்து, வெந்நீரில் போட்டால் வந்த வழியே வடிந்துவிடும்.

அன்று அதை ஒரு அழகான சேதியாக மட்டும்தான் கேட்டுக்கொண்டேன். நம் கூரையில் தொங்கும் பூவின் வாயை மூடியிருப்பதும் அந்தக் கலவைதான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவின் வெள்ளி

விஜயதசமி காலை. மாமா திண்டாடிக்கொண்டிருந்தார். கூட நின்ற பதிலிகள் இரண்டு பேர் விடியும்போதே வந்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர்கூட அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகமாக வருத்தியது.

நான் போனபோது அக்கா கிணற்றடியில் இருந்தாள். என்னைக் கண்டதும் சைகை காட்டிக் கூப்பிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று ஒரு மணி.

“தட்டைப் புளி போட்டுத் தேச்சேன், தம்பி. கற்பூரக் கரிக்கு அடியில ஒட்டிக்கினு இருந்துச்சு. வெள்ளி. சாமியாப் பாத்துக் குடுத்திருக்கு. அந்த மனுசன்கிட்ட சொல்லாத, மில்லு சொத்துன்னு திருப்பிக் குடுத்துடும்.”

பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காப்பு செய்ய அது போதுமா என்று அவள் யோசனை. ஆசாரியிடம் காட்டுவதற்கு முன்னால் கரி போகட்டும் என்று, அதைக் கிண்ணத்தில் போட்டுச் சோறு வடிக்க வைத்திருந்த கொதிநீரை மொண்டு ஊற்றினாள்.

மணி ஒருமுறை மினுங்கியது. அப்புறம் தட்டையாயிற்று. அப்புறம் ஓடியது.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். கிண்ணத்தைச் சாய்த்தால் சாய்ந்த பக்கம் வழுக்கிப் போகிறது, வெள்ளிக் கண்ணீர் மாதிரி. தண்ணீர் ஆற ஆற நகர்வது குறைந்து, நின்று, கெட்டியாயிற்று.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முசேயின் மேசை, நான்கு பங்காளிகள், கற்பூரச் சுடர், தலைகீழ்ப் பூ, எல்லாம் ஒரு நூலில் கோர்த்த மாதிரி வந்து நின்றன. பூவை யாரும் உடைக்கவில்லை. அது உருகியிருக்கிறது. உருகிய சொட்டு நேராகக் கீழே இருந்த தட்டில் விழுந்திருக்கிறது.

அடுத்த கணமே சிலிர்ப்பு அடங்கிவிட்டது. இது யாரையும் காப்பாற்றும் சாட்சி இல்லை. உடைத்தவன் என்று ஒருவரும் இல்லை என்று காட்டும், சரி. ஆனால் பஞ்சு பறக்கிற இடத்தில் கூரை வரைக்கும் நெருப்பைத் தூக்கிப் பிடித்தவர் யார் என்றும் காட்டும். அந்த நெருப்புதான் காரணம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. மாமாவுக்கே தெரியாமல் இருந்தது.

மாமா வந்தார். சொன்னேன். அவரும் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

உப்பாற்றில் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். போட்டுவிட்டால் இது யாருக்கும் தெரியாது. மாஸ்டர் கோபமும் நாலு நாளில் ஆறிப்போகலாம்.

“ஆறலைன்னா?” என்றார் மாமா. “அத்தினி பேரும் கேட்டுல நிப்பானுங்க, மச்சான். நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அங்க நிக்கறது?”

 அடுப்படிக்குப் போன அக்கா அந்தப் பித்தளைத் தட்டை எடுத்துவந்தாள். வெற்றிலை வைத்தாள், பாக்கு வைத்தாள், பூவன் பழத்தில் ஒரு சீப்பு வைத்தாள். நடுவில் அந்த மணியை வைத்தாள்.

“பெரிய மனுசரப் பாக்கப் போறீங்க. வெறுந்தட்டா எடுத்துக்கினு போவாதீங்க” என்றாள்.

ஒரு கோப்பை காப்பி

மில் திறந்த அன்று காலை முசே அர்மானின் அறைக்கு நாங்கள் போனபோது மாஸ்டரும் அங்கே இருந்தார். முசேவுக்கு எதிரில் பெரிய வெள்ளைக் கோப்பையில் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் சட்டி மாதிரி ஒரு கோப்பையில்தான் காலைக் காப்பி குடிப்பார்கள்.

மாமா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். நடந்ததை நடந்தபடி சொன்னார். சந்தனம் வைத்தது, குங்குமம் வைத்தது, கற்பூரம் காட்டியது, தட்டில் இது கிடந்தது. எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

முசே அந்த மணியை எடுத்து விரலில் உருட்டினார். சட்டென்று தன் காப்பிக்குள் போட்டார். நாங்கள் மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். கொஞ்ச நேரம் விட்டு, காப்பியை மெல்லச் சன்னலுக்கு வெளியே சாய்த்தார். கோப்பையின் அடியில் வெள்ளி நிலவு ஒன்று ததும்பிக்கொண்டிருந்தது.

“ஒரு காப்பி போச்சு” என்றார்.

மாஸ்டர் கையிலிருந்த பித்தளைத் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் வெட்டோ நசுங்கலோ இல்லை; நக்கி விட்ட மாதிரி வழவழப்பு. அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நெருப்பை அவ்வளவு உயரம் தூக்கியவனை எப்படி விடுவது?

“இவனை விட்டா அடுத்த வருஷம் பாய்லருக்கும் ஏணி போட்டு ஆரத்தி எடுப்பானுங்க.”

“பாய்லருக்கு அன்னைக்கே எடுத்தாச்சுங்க” என்றார் மாமா. “கீழருந்துதான்.”

முசே சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு மாமாவை நேராகப் பார்த்தார். மூன்று சுற்று சுற்றுகிற நேரத்தில் அது உருகாது. அதற்குக் கீழேயே தீயை நெடுநேரம் பிடித்திருக்க வேண்டும்.

“ஏன் அவ்ளோ நேரம் புடிச்சிக்கினு இருந்த?”

“வேண்டிக்கினு இருந்தேன், முசே.”

“என்னா வேண்டுன?”

மாமா தட்டிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்தார். 

“நெரந்தரமாவணும்னு.”

 மாஸ்டர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அந்த அறையிலும் ஒரு பூ தொங்கியது.

முசேதான் பேசினார், மாஸ்டரிடம். அன்றைக்குக் கற்பூரத்துக்கு உத்தரவு கொடுத்தது யார்? முதல் ஆரத்திக்கு நாம் இரண்டு பேரும்தானே கையைக் கூப்பிக்கொண்டு நின்றோம், அதன் பிறகுதானே நான் வீட்டுக்குப் போனேன்? அந்தப் பூக்களை மாட்டிய நாளிலிருந்து ஒன்றுகூடத் திறந்ததில்லை. வாயை மூடியிருக்கும் கலவை பழசாகிவிட்டதோ, சமயத்தில் உருகாமல் போய்விடுமோ என்ற கவலையோடுதான் தினமும் படுக்கப் போவதாகச் சொன்னார். இப்போது தெரிந்துவிட்டது, பூ சரியாக இருக்கிறது. சரியில்லாதது நம் மணி. நிஜ நெருப்பு வந்திருந்தாலும் வாட்ச்மேன் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பதிலிகள் எல்லாருக்கும் அன்று கேட்டில் பெயர் கூப்பிட்டார்கள். நனைந்த நூலையெல்லாம் உலர்த்தி முடிக்கும் வரை மாமா வீட்டுக்குச் சாப்பிட மட்டும்தான் வந்தார். அதற்கு மாஸ்டர் வைத்த பெயர் தண்டனை. மாமா வைத்த பெயர் பிரார்த்தனை.

நாங்கள் அறையை விட்டுக் கிளம்பும்போது முசே கூப்பிட்டார். பழத்தையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கவிழ்த்துத் தட்டினார். ஆறி இறுகிய மணி தட்டில் விழுந்து ஒலித்தது.

“எடுத்துக்கினு போ. வெறுந்தட்டா அனுப்பக் கூடாதில்ல?”

அவருக்கும் இந்த ஊர்தான்.

பூசாரி

தீபாவளி வந்தது, போயிற்று. நிரந்தரம் வரவில்லை. அக்கா முகத்தை நான் பார்க்காமல் தவிர்த்த நாட்கள் அவை. பொங்கல் கழிந்து, குழந்தை பிறந்து பேர் வைப்பதற்குள் வந்தது. வேண்டுதல் நனைந்துவிட்டதல்லவா, உலர்ந்து வர நாள் பிடித்தது என்றார் மாமா. ஸ்பின்னிங்கில் இல்லை, பராமரிப்பில். குழாய்களையும் வால்வுகளையும் பூக்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை. கேலியாக ‘பூசாரி’ என்று கூப்பிட ஆரம்பித்தவர் மாஸ்டர்தான். மில்லில் கடைசி வரை அந்தப் பெயரே நின்றது.

அடுத்த ஆயுத பூசையில் இரண்டு புதுச் சட்டங்கள். கற்பூரம் இடுப்புக்கு மேல் உயரக் கூடாது. பூசையில் மணி அடிக்கக் கூடாது. மணி கேட்டால் அது பூதான், ஓடு. ஆகவே மணியே இல்லாத பூசை நடந்த ஒரே இடம், எனக்குத் தெரிந்து, எங்கள் மில். ஆனால் சந்தனமும் குங்குமமும் எல்லாப் பூவுக்கும் உண்டு. மாமா ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனார். கீழே மாஸ்டர் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கேட்டால் இல்லையென்பார், நான் பார்த்தேன்.

பிரெஞ்சுக்காரரோடு ஒப்பந்தமெல்லாம் கையெழுத்தாகி, யார் யார் எந்த நாடு என்று எழுதிக் கொடுக்கும் காலம் வந்தபோது முசே அர்மான் கப்பலேறினார். அந்த வானவில் படிக்கட்டை என்னிடம் விட்டுப் போனார். இதை எழுதும்போதும் சன்னல் காற்றில் தாள் பறக்காமல் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் தங்காத என்னையும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் விழுந்த அந்த வெள்ளி மணி அக்காவிடம் இருக்கிறது. காப்பாகவும் ஆகவில்லை, கொலுசாகவும் ஆகவில்லை. வருடத்துக்கு ஒருநாள், ஆயுத பூசையன்று, பிள்ளைகள் சுற்றி உட்கார, கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். உருகும். ஆறும். மறுபடி தட்டுக்குப் போகும். ஈயமும் காட்மியமும் கலந்தது, அந்தக் கிண்ணத்தில் வேறெதுவும் வைக்காதே என்று நான் சொல்வேன். அதெல்லாம் தெரியும் என்பாள்.

போன பூசைக்கும் போயிருந்தேன். மாமாவுக்கு மீசை முழுக்க நரைத்துவிட்டது. அரிவாள்மணை, சுத்தியல், பேரனின் சைக்கிள், எல்லாவற்றுக்கும் பொட்டு. அதே பித்தளைத் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக் கையில் எடுத்தார். சுற்றத் தொடங்குவதற்கு முன்னால், வழக்கம்போல, தலையைத் தூக்கி மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஓடும் உத்தரமும்தான் இருந்தன. நிம்மதியாக மூன்று சுற்று சுற்றி, கண்ணை மூடி, வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லாதவராகச் சட்டென்று தட்டை இறக்கினார்.